மூன்றாம் ஓலை

கோடம்பாக்கம், சென்னை
19-10-1959

அன்புள்ள டோரதிக்கு,

இங்கே நான் சுகம். நீயும் மாமாவும் அத்தையும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. கையில் கனமான சாமான் ஏதும் இருந்தால் முதலில் கீழே வைத்துவிடு.

நம் படம் தீபாவளிக்கு வரவில்லை. ஆறு மாதமாக ஊர்ச் சுவர்களிலெல்லாம் ‘தீபாவளி வெளியீடு’ என்று ஒட்டிவிட்டு இப்போது இல்லை என்கிறோம். இரண்டு பெரிய நடிகர்களின் படங்கள் அதே நாளில் வருகின்றன. நல்ல கொட்டகைகளை எல்லாம் அவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்களுக்கு மிஞ்சியவை கூரை ஒழுகுகிறவைதான்.

எந்தப் படம், எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று பார்ப்பதுதான் கம்பெனியில் என் வேலை என்பது உனக்குத் தெரியும். பெரிய படம் எந்த நாளில் வந்தாலும் கூட்டம் தேடி வரும். சின்னப் படம் ஒரு வாரம் ஓடினால் போதும். நம்முடையது நடுத்தரம். பெரியவர்கள் இல்லாத சந்தாகப் பார்த்து நுழைய வேண்டும். முதலாளி பொங்கலுக்கு மாற்றிவிட்டார்.

படம் வந்து ஓட ஆரம்பித்தால்தான் எனக்கு லீவு. ஆகவே நவம்பர் பதினொன்றாம் தேதிக்கு நிச்சயித்த நம் கலியாணத்தை ஜனவரி இருபத்தேழுக்குத் தள்ளலாமா? மாமாவிடம் நீயே பக்குவமாகச் சொல். அவர் மீசையை நினைத்தாலே எனக்குப் பேனா நடுங்குகிறது.

அன்புடன்,
அத்தான் தைரியராஜ்


சேசு மரி சூசை துணை

புத்தூர், திருச்சி
24-10-1959

அன்புள்ள அத்தானுக்கு,

உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன். பிறகு வெகு நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்புதான், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், நமக்கு முதல் ஓலை வாசித்தார்கள். ‘அற்புதசாமி, வியாகுலம்மாள் இவர்கள் மகள் டோரதிக்கும்...’ என்று சாமியார் ஆரம்பித்ததும் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மூன்று ஞாயிறு மூன்று ஓலை வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தானே கலியாணம்? தடை சொன்னது மாப்பிள்ளையேதான் என்று நம் பங்குக் கோவிலில் இதுவரை நடந்ததில்லையாம்.

அப்பா உடனே எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு சாமியாரிடம் போய், இரண்டாவது ஓலையை நிறுத்திவிட்டு வந்தார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

என் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சுவரில் உங்கள் போஸ்டரின் ‘தீபாவளி’ மேல் ‘பொங்கல்’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டார்கள். எனக்கு ஒட்ட ஒரு சீட்டு அனுப்பினால், நெற்றியில் ஒட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். சொன்னபடி ஜனவரியில் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டோரதி


கோடம்பாக்கம், சென்னை
5-1-1960

அன்புள்ள டோரதிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பொங்கல் தேதியும் போயிற்று. தீபாவளிக்கு வந்த படத்தை உங்கள் ஊர்க் கொட்டகையில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். நூறு நாள் ஓட்டியே தீருவார்களாம். மதுரையிலும் இதே கதை.

முதலாளிக்கு நேற்று ஒரு யோசனை உதித்தது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் லட்சம் பேர் கூடுகிறார்களே, அங்கே ஏதாவது ஒரு கொட்டகையைப் பிடித்து, அன்றைக்கே படத்தைப் போடு என்கிறார். எனக்குச் சரியாகப் படவில்லை. நீ ஊரில் இருப்பவள், என்ன சொல்கிறாய்?

மற்ற இடங்களில் பிப்ரவரி 26 என்று வைத்திருக்கிறோம். அந்த வாரம் எதிரே யாரும் இல்லை. பரீட்சைக்கும் நாள் இருக்கிறது. சம்பா அறுத்துக் கையில் நாலு காசு புழங்கும். எல்லாக் கோணத்திலும் பார்த்துவிட்டேன். அதன்படி நம் கலியாணத்தை மார்ச் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

உன் அத்தான்,
தைரியராஜ்


புத்தூர், திருச்சி
9-1-1960

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் உங்கள் முதலாளிக்குப் பதில். எங்கள் பள்ளியில் கோமளவல்லி டீச்சர் ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர். அவரிடம் சொன்னேன். “நன்னாயிருக்கு! முழு உபவாசம் இருந்து பெருமாளைச் சேவிக்க வரவாளை உங்காத்துக்காரர் கொட்டகைக்குக் கூப்பிடறாரா? லட்சம் பேர் வருவா. பரமபத வாசல் தாண்டி ஒருத்தரும் வரமாட்டா” என்றார். அவர் உங்களை ‘ஆத்துக்காரர்’ என்றதை நான் திருத்தவில்லை. திருத்தியிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது, மார்ச் ஒன்பது. எதிரி யார், அறுப்பு எப்போது, பரீட்சை எப்போது என்று எல்லாம் பார்த்த நீங்கள் மார்ச் இரண்டாம் தேதி விபூதித் திருநாள், அன்றே நாற்பது நாள் தபசு காலம் தொடங்குகிறது என்பதைப் பார்க்கவில்லையா? தபசு காலத்தில் எந்தச் சாமியார் நம் கலியாணத்தை மந்திரிப்பார்? நீங்கள் ஞானஸ்நானம் பெற்றவர்தானா, அல்லது அதையும் வேறு தேதிக்கு மாற்றிவிட்டார்களா?

இந்த ஞாயிறு நமக்கு மறுபடியும் முதல் ஓலை வாசித்தார்கள், அத்தான். பெண்கள் பக்கம் யாரோ சிரித்தது காதில் விழுந்தது. நாளை வாசிக்க வேண்டிய இரண்டாம் ஓலையை நிறுத்தச் சொல்லி அப்பா மறுபடியும் போனார். திரும்பி வந்து, “இது கலியாணமா, சினிமாவா? ஒட்டி ஒட்டிக் கிழிக்கிறதுக்கு எம் பொண்ணு என்ன சுவரா? இன்னொரு தடவை மாத்தினான்னா நிச்சயத்தை முறிச்சிடுவேன், சொல்லி எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

இப்போது நான் கேட்கிறேன். படத்துக்கும் கலியாணத்துக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்? நாலு நாள் லீவு தராத முதலாளி உலகத்தில் உண்டா? என்னைப் பிடிக்கவில்லை என்றால் அதை ஒரே வரியில் எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன். இந்தத் தேதிகளைத்தான் தாங்க முடியவில்லை.

டோரதி


கோடம்பாக்கம், சென்னை
18-2-1960

என் அன்புள்ள டோரதி,

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். லீவு ஒரு சாக்கு. கேட்டால் முதலாளி தருவார். நான்தான் கேட்கவில்லை.

இந்தப் படத்தின் கதையை முதலாளியிடம் கொண்டுபோனவன் நான். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பத்துக் கதை. பெரிய நடிகர் வேண்டாம், கதையே ஓடும் என்று வாதாடினேன். அவர் என்னை நம்பி எடுத்தார். இது விழுந்தால் எனக்கு இங்கே நாற்காலி இருக்காது. வேலை போன மாப்பிள்ளையாக மாமா முன்னால் நிற்கப் பயந்தேன். படம் ஓடிவிட்டது என்று தலை நிமிர்ந்து வந்து உன் கழுத்தில் தாலி கட்ட ஆசைப்பட்டேன். தேதி தள்ளிப் போகும்போதெல்லாம், இன்னும் விழவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. வெட்கமாயிருக்கிறது. உன்னைப் பிடிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே.

கோமளவல்லி டீச்சர் சொன்னதை முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். ஏகாதசி யோசனை அன்றோடு போயிற்று. விபூதித் திருநாளைச் சொன்னதும் பிப்ரவரி 26-ஐயும் கைவிட்டார். இப்போது தமிழ் வருஷப் பிறப்பு, ஏப்ரல் 13 என்கிறார். ‘அந்தத் திருச்சிப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேள்’ என்றார்.

கலியாணத் தேதியை இனி நான் சொல்ல மாட்டேன். அந்தத் தகுதி எனக்கு இல்லை.

தைரியராஜ்


சேசு மரி சூசை துணை

புத்தூர், திருச்சி
3-3-1960

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். கோபமாகவும் இருந்தது. வேலை போன மாப்பிள்ளையை நான் வேண்டாம் என்பேனென்று உங்களுக்கு யார் சொன்னது? அப்பாவுக்கே ரயில்வேயில் இரண்டு வருஷம் வேலை இல்லாமல் இருந்த காலத்தில்தான் அம்மா அவரைக் கட்டிக்கொண்டாள். மீசை அப்போதும் இருந்ததாம்.

ஏப்ரல் 13 பெரிய வாரத்துப் புதன்கிழமை; இரண்டாம் நாள் பெரிய வெள்ளி. கொட்டகை மேனேஜர் அழகர்சாமியின் மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள். அவரைப் பார்த்தபோது கேட்டேன். “வேண்டாங்க டீச்சர். பெரிய வாரத்துல இந்த ஊர்ல பாதி சனம் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. காத்தாடும். பாஸ்கு முடிஞ்ச வெள்ளிக்கிழமை கொண்டாரச் சொல்லுங்க. நாப்பது நாளா படம் பார்க்காத சனம், பரீட்சையும் முடிஞ்சிருக்கும். தாங்காது பாருங்க” என்றார். அது ஏப்ரல் 22. உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள்.

கலியாணத் தேதியை நான் வைத்துவிட்டேன். ஏப்ரல் 20, புதன்கிழமை, காலை ஏழு மணிப் பூசை. படத்துக்கு இரண்டு நாள் முன்பு. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். ஓடும் படமா, ஓடாத படமா என்று யாருக்கும் தெரியாத நாளில் நீங்கள் வர வேண்டும். அப்பா நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார். மூன்றாம் ஓலை, ஏசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் பூசையில் வாசிப்பார்கள். இந்தத் தடவை அதை நிறுத்தச் சொல்லி அப்பாவை அனுப்ப மாட்டேன். நீங்கள் வராவிட்டால் நானே பீடத்தின் முன் நின்று, இல்லை என்று சொல்லிவிட்டு வருவேன். அதற்குப் பிறகு இன்னொரு ஓலை கிடையாது.

டோரதி


கோடம்பாக்கம், சென்னை
14-4-1960

என் டோரதிக்கு,

முதலாளி 22-க்குச் சரி என்றுவிட்டார். எல்லா ஊருக்கும் அதே நாள். திருச்சிப் படப்பெட்டியை நானே ரயிலில் கொண்டுவருகிறேன். மாப்பிள்ளை சீருடன் ஒன்பது ரீல் பெட்டி ஒன்றும் வருகிறது என்று அத்தையிடம் சொல்லிவை.

உன்னிடம் இனி எதையும் மறைப்பதில்லை. முதலாளி மனசு மழைக்காலத்து வானம். வேறு பெரிய படம் ஒன்று அதே வாரம் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. கடைசி நிமிஷத்தில் தேதியை மாற்றித் தந்தி அடித்தாலும் அடிப்பார். பத்து வருஷமாக எந்தத் தந்தி வந்தாலும் சோற்றுக் கையோடு எழுந்து ஓடிப் பழகியவன் நான். அப்படி வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்காக வேண்டிக்கொள்.

தைரியராஜ்


கோடம்பாக்கம், சென்னை
30-4-1960

என் அன்பு மனைவிக்கு,

இப்படி எழுதுவதற்காகவே ஒரு கடிதம் எழுதலாம் போலிருக்கிறது.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே ஒரு வேடிக்கை. படத்தை மே ஆறுக்குத் தள்ளிவிட்டு, திருச்சியிலும் நிறுத்தச் சொல்லி முதலாளி எனக்குத் தந்தி அடித்தாராம். அது எங்கோ தவறிவிட்டது போலிருக்கிறது. தமிழ்நாட்டிலேயே உன் ஊரில் மட்டும் படம் வந்திருக்கிறது! முதலாளி இரண்டு நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. மூன்றாம் நாள், ‘நாலு காட்சியும் நிறைகிறது’ என்று அழகர்சாமி எழுதியது வந்தது. உடனே, ‘முதலில் திருச்சியில் விட்டுப் பார்ப்போம் என்று நான்தானே சொன்னேன்’ என்கிறார். என் நாற்காலி இப்போதைக்கு இருக்கிறது.

உன் சீப்பு ஒன்று என் பெட்டியோடு வந்துவிட்டது. திருப்பி அனுப்பப் போவதில்லை.

உன் தைரியராஜ்


சேசு மரி சூசை துணை

புத்தூர், திருச்சி
21-5-1960

என் அன்பு அத்தானுக்கு,

சீப்பு இருக்கட்டும். நேற்று நம் படத்தை இங்கே எடுத்துவிட்டார்கள். இருபத்தெட்டு நாள். கடைசிக் காட்சிக்கு அம்மாவும் நானும் போனோம். ஸ்டேஷன் மாஸ்டர் கொடியை மடித்து வைக்கிற இடத்தில் அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வந்ததை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் சுமாராகத்தான் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை. நடுத்தரப் படத்துக்கு அது போதும்.

நான் எழுத வந்தது வேறு. நீங்கள் விட்டுப்போன கலியாணச் சட்டையை இன்று துவைக்க எடுத்தேன். உள் பையில் ஒரு தந்தி இருந்தது. அன்று காலை கோவில் வாசலில் தந்திச் சேவகரிடம் நீங்கள் கையெழுத்துப் போட்டு அதை வாங்கியதை நான் முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்தேன். “யாரோ வாழ்த்து அனுப்பியிருக்காங்க” என்று சொல்லிவிட்டு, பையில் வைத்துக்கொண்டு என்னோடு உள்ளே வந்தீர்கள்.

ஒட்டு ஒட்டியபடியே இருந்தது, அத்தான். நீங்கள் அதைப் பிரிக்கவே இல்லை.

நான் பிரித்தேன். ‘வெளியீடு நிறுத்து. மே ஆறு. பெட்டியோடு உடனே திரும்பு’ என்று இருந்தது. அதில் என்ன இருக்கும் என்று தெரிந்துதானே கைபடாமல் வைத்திருந்தீர்கள்? நாற்காலி போனாலும் போகட்டும் என்றுதானே? தந்தி தவறிவிட்டது என்று சொன்ன பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். நான் மன்னித்தாயிற்று.

பள்ளியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஜூன் முதல் தேதி, புதன்கிழமை, பகல் வண்டியில் அப்பாவோடு புறப்படுகிறேன். எழும்பூருக்கு வந்துவிடுங்கள். அந்தத் தந்தியை என் ஜெபப் புத்தகத்துக்குள், மூன்றாம் ஓலை வாசித்த நாளின் பக்கத்தில் வைத்துக் கொண்டுவருகிறேன்.

உங்கள் மனைவி,
டோரதி