பல்லில் வந்த கோபம்

அக்கா,

இன்று சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒருவர் வேர்க்கடலை அவித்துக்கொண்டிருந்தார். அந்த ஆவி முகத்தில் பட்டதும் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். நகர மனம் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில், பீர்க்கன்கரணையில் உங்கள் வீட்டு முன்னறையில் நாம் இருவரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டோம். பள்ளி விட்டு வருகிறவர்கள், பெற்றவர்கள் வேலை முடிந்து ரயிலைப் பிடித்து வந்து சேரும்வரை நம்மிடம் இருப்பார்கள். கடலை அவிப்பது நீங்கள், சண்டை விலக்குவது நான். இருட்டுவதற்குள் என் முதுகு என் பேச்சைக் கேட்காது.

ஸ்டெல்லா அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. பகலெல்லாம் சாதுவாக இருப்பாள். சாயங்காலம் திடீரென்று யாரையாவது கடித்துவிடுவாள். ஒருநாள் ரமேஷின் கையில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது. அவன் அப்பா வாசலில் நின்றபடியே, அவளை நிறுத்தாவிட்டால் மற்ற பிள்ளைகளும் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அனுப்பிவிடலாம் என்றுதான் எனக்கும் பட்டது. அவ்வளவு களைத்திருந்தேன்.

நீங்கள் அவளைத் திட்டவில்லை. ஏன் கடித்தாய் என்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டே, "கடிக்கறதுக்கு முன்னாடி என்ன ஆச்சும்மா?" என்றீர்கள். அவள் தோலைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். பசியா என்று பார்த்தோம், பொம்மையை யாராவது பிடுங்கினார்களா என்று பார்த்தோம். எதுவும் இல்லை. நீங்கள் மட்டும் தினமும் அதையே, அதே குரலில் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு மழை நாளில் அவளே சொன்னாள். "எல்லாரும் செருப்பு மாட்டிகினு போறாங்க. என்து மட்டும் அங்கயே கீது."

நீங்கள் கடலையைக் கீழே வைத்தீர்கள். "அப்போ கோபம் எங்க வருது உனக்கு?"

தாடையைத் தொட்டுக் காட்டினாள். "பல்லுல."

அவள் அம்மாவுக்குக் குரோம்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. எப்போதும் கடைசியாக வருவது அவள்தான். அன்று நீங்கள் பதமாக எடுத்துச் சொன்னதும், நனைந்த புடவையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் இன்னாக்கா பண்றது? ஓடித்தான் வரேன்" என்றாள். நீங்கள் உள்ளே போய் உலர்ந்த துண்டை எடுத்து வந்து அவள் தலையில் போட்டீர்கள்.

அதன் பிறகும் அவள் அம்மா கடைசியாகத்தான் வந்தாள். ஆனால் மற்றவர்கள் கிளம்பும் நேரம் ஸ்டெல்லா ஓடி வந்து, "பல்லுல வருது" என்று உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். நீங்கள் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். சில நாள் அதையும் மீறிக் கிள்ளினாள். ஆனால் கடிப்பது நின்றது. ரமேஷின் அப்பா கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

இத்தனை பாடுபட்டும் அவள் அம்மா சீக்கிரம் வரப்போவதில்லையே என்று ஒருமுறை உங்களிடம் சலித்துக்கொண்டேன். "தெரிஞ்சதால கஷ்டம் போயிடாது. எதனால கோபம்னு தெரியாம அதுங்க தனியா நிக்க வேண்டாம், அவ்ளோதான்" என்றீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு கொஞ்ச காலம் தனியாக நடத்திப் பார்த்தேன். முடியவில்லை. இப்போது வீட்டில் பேரப்பிள்ளைகள் எதையாவது தூக்கி அடித்தால், உடம்பு ஓய்ந்து கிடந்தாலும் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். முன்னாடி என்ன ஆச்சு என்று கேட்கிறேன். பதில் வரும்வரை இருக்கிறேன்.

எனக்கும் கோபம் வருகிறது அக்கா, அநேகமாகத் தினமும். எதனால் என்று நன்றாகத் தெரிகிறது: என்னை விட்டுவிட்டு நீங்கள் முதலில் கிளம்பிவிட்டீர்கள். வந்து சொல்வதற்குத்தான் நீங்கள் இல்லை.