மாசி வாங்கப் போன அன்று

இஞ்சாருங்கோ,

மகள் ஜப்பான் கடையில் வாங்கி வந்த மீன்சீவல் பொட்டலத்தைக் காலையில் குசினியில் வெட்டினேன். அதே மாசிக்கருவாட்டு வாசம். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம். ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

எழுபதுகளில், உங்கள் நேர்முகப் பரீட்சைக்காக மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்கு ரயிலேறினோமே, அந்தப் பயணம். மார்ட்டின் பிளேஸில் பெரிய வங்கி. எனக்கு அந்த வாரம்தான் மெல்பேர்ண் ஆஸ்பத்திரியொன்றில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. "சிட்னிக்கு வந்த பிறகும் படிக்கலாம்தானே," என்றீர்கள். கொழும்பை விட்டு வரும்போதும் இதையேதான் சொன்னீர்கள்.

தூறிக்கொண்டிருந்தது. "நனைஞ்சிடும், உம்மட பைக்குள்ள வையும்," என்று சான்றிதழ் உறையைத் தந்தீர்கள். பிறகு இருவருமே அதை மறந்துபோனோம். நீங்கள் உள்ளே போனதும் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. கோட்டுக்காரர்கள் எல்லோரும் வீடு தீப்பிடித்ததுபோல ஓடிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்துக்கு அக்கரையில் ஜப்பான்காரர் கூடி வாழ்கிறார்கள், அங்கே மாசி மாதிரி ஒன்று விற்கிறது என்று நாங்கள் தங்கிய வீட்டு அன்ரி சொல்லியிருந்தா. படகேறினேன்.

பாதி வழியில் டிக்கெட்டை வைக்கப் பையைத் திறந்தால், உறை. இறங்கிய துறையிலேயே திரும்பும் படகு நின்றது. நான் ஏறவில்லை. மேட்டில் ஏறி நடந்தேன். திறந்திருந்த கதவுகளுக்குள் சப்பாத்துகள் கழற்றி வைத்துக் கிடந்தன, எங்கள் வீடுகளைப் போல. கடையில் ஒரு பெண் கல்லுப்போன்ற மீன்துண்டைச் சீவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். வாயில் போட்டதும் அழுதுவிட்டேன். ஊர் நினைவில் அழுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

நான் திரும்பியபோது அந்த வாங்குப் பலகையருகே தலை நனைய நின்றீர்கள். மூலச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் வாங்க ஓடி வந்திருக்கிறீர்கள். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"எங்கயப்பா போனனீர்?"

"மாசி வாங்க."

பொட்டலத்தை மணந்து பார்த்தீர்கள். "வேலை கிடக்கட்டும். உம்மைக் காணேல்லை எண்டு நெஞ்சு பதறிப்போச்சு."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்? வேலை ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் "எனக்குத்தான் மறதி" என்று சிரித்தீர்கள். மெல்பேர்ணுக்கே திரும்பினோம். நான் முப்பது வருடம் தாதியாக இருந்தேன். நீங்கள் ஒரு தொழிற்சாலையின் சாமான் அறையில் பெட்டி அடுக்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் சீருடையை நீங்கள்தான் அயர்ன் பண்ணித் தந்தீர்கள்.

மறதியில்லை. உறை என்னிடம் இருப்பது தெரிந்துதான் மேட்டில் ஏறினேன். இன்றைக்கு அந்தத் துறையில் நிறுத்தினாலும் திரும்பும் படகில் ஏறமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருடைய தலையைத் துவட்டிவிட்டிருக்கிறேன். அன்றைக்கு என் கையில் சேலைத் தலைப்பு இருந்தது. உங்கள் தலையை நான் துவட்டவில்லை.