யானை இறங்கிவிட்டது

மே 2

மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் நலத்தைத் தினமும் காலை ஏழு மணிக்கு ஓர் இயந்திரம் தவறாமல் அறிவித்துவிடுவதால் அதைத் தனியே விசாரிக்கவில்லை. உறையைப் பிரித்துப் படித்துப் பதில் போட இன்னும் இயந்திரம் வரவில்லை என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். முதலில் குறைகள், தேதிவாரியாக.

1. ஜனவரி 11: வாழ்க்கையின் அர்த்தத்தைத் தேடுவதாகவும், அதற்காக இரைச்சலைக் குறைப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளை நிறுத்துவதாகவும் நான்கு பத்திகளில் மின்னஞ்சல் அனுப்பினாய். அதில் "அம்மா" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

2. பிப்ரவரி 2: அன்று முதல் தினமும் காலை ஏழு மணிக்கு உன் எண்ணிலிருந்து "அமைதியான காலை வணக்கம்" வருகிறது.

3. மார்ச் 19: தன் கழுத்தில் ஒரு கட்டி இருப்பதாக உன் அம்மா உனக்கு எழுதினாள். உன் எண்ணிலிருந்து வந்த பதில்: "கேட்டதில் மகிழ்ச்சி. இந்த நாள் உங்களுக்கு அமைதியாக அமையட்டும்."

4. ஏப்ரல் 6: எங்களுக்குத் தியானச் செயலி ஒன்றைப் பரிசாக அனுப்பினாய். அதில் ஒரு பெண்குரல் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடச் சொல்கிறது. ஐம்பத்தாறு வருடங்களாக யாரும் சொல்லாமலேயே அதைச் செய்துவருகிறேன்.

5. ஏப்ரல் 9: நான் மூன்று முறை அழைத்தேன். "மௌனத்தில் இருக்கிறேன்" என்ற குறுஞ்செய்தி மூன்று முறை வந்தது.

மூன்றாவது குறை உனக்கே புதிய செய்தியாக இருக்கும் என்பதால் விளக்குகிறேன். கட்டி குரல்வளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். ஆபத்தான கட்டியாகத் தெரியவில்லை, ஆனால் வளர்கிறது, எடுத்துவிட வேண்டும், குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சிலருக்குக் குரல் கம்மிப்போகும், மிகச் சிலருக்குத் திரும்பாமலே போகும் என்றார். அறுவை சிகிச்சை மே 22 காலை. அறையை விட்டு வெளியே வந்ததும் உன் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "அப்போ இனிமே நீங்க நிம்மதியா பேப்பர் படிக்கலாம்" என்பது. நான் சிரிக்கவில்லை. துணைக்கு வந்திருந்த உன் மாமா அக்காவுக்காகச் சிரித்துவிட்டு என்னைத் தனியே இழுத்து, "எங்க, மாமா, நம்ம சாமியாரு? மௌனமாமே! மாசாமாசம் சம்பளம் மட்டும் பேசிக்கிட்டே வருதா?" என்று கேட்டார்.

கட்டிக்கு மகிழ்ச்சி தெரிவித்த அந்தப் பதிலைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. மறுநாள் மாலை உன் அம்மாவின் கைப்பேசியை எடுத்து, "நம் வீட்டு மாடிப்படியில் யானை ஏறிவிட்டது" என்று உனக்கு எழுதிப் பார்த்தேன். கைப்பேசியைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்தது. யானைக்கும் மகிழ்ச்சி, யானைக்கும் அமைதியான நாள். இதை அவளிடம் சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். காரணம், சாப்பிட்டு மேசையைத் துடைத்த பிறகு அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் உனக்கு எழுதுவதை நான் தினமும் பார்க்கிறேன். குளியலறைக் குழாய் ஒழுகுவது, எதிர்வீட்டுத் தையல்காரர் இரண்டாவது முறையாகச் சட்டைக் கையைக் குட்டையாக வெட்டியது, நான் உப்பைக் குறைக்க மறுப்பது எல்லாம் அதில் வரும். பதில் வந்ததும் உரக்கப் படித்துவிட்டு, "பாருங்க, பிள்ளை எவ்வளவு பொறுமையா பதில் போடறான், நீங்களும் இருக்கீங்களே" என்பாள். நான் பேப்பரைப் பிரித்துக்கொள்வேன்.

சென்ற வாரம் மருத்துவமனை எண்ணைத் தேடும்போது அந்த யானை மறுபடி கண்ணில் பட்டது. அதற்குக் கீழே, அன்றைக்கே, உன் அம்மா எழுதியிருந்தாள்: "யானை இறங்கிடுச்சுப்பா. அப்பா விளையாட்டுக்கு எழுதினார். நீ பயப்படாதே." அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலேயே சொன்னாள், "அது மெஷின்னு எனக்குத் தெரியாதாங்க? கழுத்துல கட்டின்னா சந்தோஷம்னு எம்பிள்ளை எழுதுவானா? என்னைக்காவது ஒரு நாள் அவனே உக்காந்து மேலேருந்து படிச்சுக்கிட்டு வருவான். அன்னிக்குத் திடீர்னு யானைன்னு பாத்தா திக்குனு இருக்காதா?" பிறகு ஏன் எனக்குப் படித்துக் காட்டினாய் என்றேன். "நீங்க அவன் மேல கோவப்படாம இருக்கத்தான்" என்றாள். உனக்கு எழுதப்போகிறேன் என்றதற்கு, "வேணாங்க, அவனாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றாள். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது.

உன் தேடலை நான் ஏளனம் செய்யவில்லை. உன் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். சென்ற முறை வந்திருந்தபோது கை கழுவும் நேரத்தில்கூட நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த ஓட்டத்தில் ஒருவன் களைத்துப்போவதும், இதெல்லாம் எதற்காக என்று கேட்பதும் நியாயமே. ஆனால் தெளிவைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. ஆற்று நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் வேதியியலாளனாகத்தான் இத்தனை வருடம் சோறு தின்கிறேன். கலங்கல் நீரை ஆறு ஜாடிகளில் எடுத்து, அளந்து படிகாரம் சேர்த்து, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்குவோம். மிக நுண்ணிய தூசு தானாக அடியில் இறங்காது. ஒன்றோடொன்று மோதி, ஒட்டி, கனத்தால்தான் இறங்கும். கலக்காமல் அலமாரியில் ஓரமாக வைத்த ஜாடியின் மேல்மட்டமும் தெளிந்ததுபோலத்தான் தெரியும். அதை எவருக்கும் குடிக்கக் கொடுக்க நான் கையெழுத்துப் போட்டதில்லை. உன் அம்மா தினமும் கலங்குகிறாள், குழாயையும் சட்டைக் கையையும் கட்டியையும் உன்னிடம் சேர்த்துக் கலக்குகிறாள், எழுதி முடித்ததும் நிம்மதியாகத் தூங்கிப்போகிறாள். இந்த வீட்டில் அமைதி கண்டவர் யார் என்று என்னைக் கேட்டால் அவளைத்தான் காட்டுவேன். நீ கதவைச் சாத்திக்கொண்டதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். சாத்திய கதவுக்கு வெளியே உன் பெயரில் ஒரு பொம்மையை நிறுத்தி, பெற்றவளோடு பேசவைத்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மௌனத்திலும் வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடியின் பவரைச் சோதித்துக்கொள், போன முறையே கண்ணைச் சுருக்கித்தான் படித்தாய். நீ நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும். கோபத்தோடு எழுதினாலும் ஆசி ஆசிதான்.

மே 20 மாலைக்குள் எழுத்துமூலம் பதில் வர வேண்டும். எனக்கல்ல, உன் அம்மாவுக்கு. உன் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினால் போதும். அதை அனுப்பிய கையோடு அவளை அழைத்துப் பேசவிட்டுக் கேள். இருபத்திரண்டாம் தேதிக்குப் பிறகு அந்தக் குரல் அப்படியே இருக்கும் என்று மருத்துவரே உறுதி சொல்லவில்லை. எழுதியது நீதான் என்று நான் ஒப்புக்கொள்ள ஒரே ஒரு நிபந்தனை: பதிலில் யானையைப் பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா