சேடில் பீக், நான்கு பேர்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் நல்ல வெயில், மத்தியானம் திடீரென்று தூறல். காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி ஈரம்.

நாளை டிக்லிப்பூர். பள்ளி நூலகத்துக்கு லீவு சொல்லியாச்சு. ஹெச்.எம். மேடம், "எல்லாரும் ஹேவ்லாக் போறாங்க, நீங்க ஏன் அங்க?" என்றார். எல்லாரும் ஹேவ்லாக் போவதால்தான்.

என் தேசியப் பூங்காப் பட்டியல், இன்றைய நிலவரம்:
1. ஹார்பருக்கு எதிரே மவுண்ட் ஹாரியட். மூன்று தடவை.
2. வண்டூர் கடல் பூங்கா. பவளம் பார்த்தேன், கண்ணாடிப் படகில் வாந்தியும் எடுத்தேன்.
3. டிக்லிப்பூர்ப் பக்கம் சேடில் பீக். அந்தமானிலேயே உயரமான மலை. நாளை மறுநாள்.
4. கேம்ப்பெல் பே. கப்பல், பாஸ், அலைச்சல். பிறகு.

பாதிப் பேருக்கு இந்தப் பெயர்களே தெரியாது. போர்ட் பிளேரிலேயே பிறந்த என் வீட்டுக்காரர் ரா. உட்பட. எத்தனையோ தடவை ஆபீஸ் வேலையாக டிக்லிப்பூர் போயிருக்கிறார், மலைப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

"அங்க என்ன இருக்கு செல்வி? மரம், மேடு, அட்டை. நீல் தீவு போலாம், ஆராமா கடல்ல குளிக்கலாம்."

வருடா வருடம் இதே பேச்சு. இந்தத் தடவை நான் விடவில்லை. பஸ் டிக்கெட்டைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டார்.

எடுக்க: உப்பு (அட்டைக்கு), மழைக்கோட்டு, முழங்கால் தைலம் (ரா.வுக்கு), பிஸ்கட், டார்ச்.

காவ்யா சென்னை ஹாஸ்டலிலிருந்து மெசேஜ்: "மேல போய் போட்டோ அனுப்பும்மா. அப்பாவ தூக்கிட்டு எறங்காத."

பிப்ரவரி 10, செவ்வாய்

நாள் முழுக்க பஸ். இடுப்பு போச்சு.

ஜிர்காடாங்கில் கான்வாய்க்குக் காத்திருப்பு, குறித்த நேரத்துக்குத்தான் வண்டிகளைச் சேர்த்து விடுவார்கள். பிறகு ஜார்வா பழங்குடிகளின் காட்டு வழி, ஜன்னல் திறக்கக் கூடாது. மிடில் ஸ்ட்ரெயிட்டில் பஸ்ஸோடு படகு ஏறினோம். பின் சீட்டில் ஒரு பெங்காலி அம்மா யாரிடமோ போனில், "மெயின்லேண்ட் மே சப் மில்தா ஹை, பஸ் நீந்த் நஹி மில்தி." அங்கே எல்லாம் கிடைக்குதாம், தூக்கம் மட்டும் இல்லையாம். சிரிப்பு வந்தது.

ரா. ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். வயிறு சரியில்லை என்றார்.

சாயங்காலம் காளிப்பூர். கடலுக்கு எதிரே சின்ன லாட்ஜ். கறுப்பு மணல். எதிரே மலை, உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கிறது. நாளை அங்கே நான்!

பிப்ரவரி 11, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஏழுக்கு வனத்துறை கேட். காவலர் பெயர் கணேசன், நம்மவர். கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக் குடும்பம், சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தவர். "பைட்டோ பைட்டோ, ஒக்காருங்கம்மா," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ரா. கழிப்பறை தேடிப் போனார்.

"கூட்டம் வருமா?" என்றேன்.

"எங்கம்மா! சில நாளு ஒரு ஆளு கெடையாது. நான் பழைய ரெஜிஸ்டரெல்லாம் கட்டி வச்சிருக்கேன், பாருங்க. கரையான் தொடாம."

என்னைப் போலவே ஒரு மனுஷர். ஆசையாக வாங்கிப் புரட்டினேன். பெயர், ஊர், வந்த காரணம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். ஒரு பக்கத்திலேயே ஒரு மாதம் முடிந்துவிடுகிறது. பொம்பளைப் பெயர் எத்தனை என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 3. ஒன்பது வருடத்துக்கு முன்னால். எந்தக் காலண்டரில் பார்த்தாலும் எனக்கு அந்தத் தேதியில் கண் நிற்கும். அம்மா போன நாள்.

அந்தத் தேதியில் ஒரே வரி. போர்ட் பிளேர், நான்கு பேர். உள்ளே 8.10. வெளியே 5.40. முதல் பெயர் ரா. அவர் கையெழுத்தேதான், முதல் எழுத்துக்கு அடியில் கோடு இழுத்து. மற்ற மூன்றும் அவர் ஆபீஸ் ஆட்கள். வந்த காரணம் என்ற இடத்தில்: பிக்னிக்.

அந்த மார்ச் 3 எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுதிவைக்கிறேன். காவ்யாவுக்குப் பதினொரு வயது, டைபாய்டு, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். காலை ஆறுக்குப் பரமக்குடியிலிருந்து முருகேசண்ணன் போன், அம்மா போயிட்டா. ரா. டிக்லிப்பூரில், வேலையாக. எனக்கு லைன் கிடைக்கவில்லை. அண்ணன் அங்கிருந்து லாட்ஜ் நம்பருக்கு முயற்சி செய்தார், ஏழு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டார். "மச்சான்ட்ட சொல்லிட்டேன். உடனே கெளம்புறேன்னுட்டாரு. அவரு வந்ததும் நீ ஃப்ளைட் ஏறி வா." பக்கத்து வீட்டு மிதாலி தீதி, "பிள்ளைய நான் பாத்துக்கறேன், நீ போ," என்றாள். வேண்டாம், இவர் சாயங்காலம் வந்துவிடுவார் என்றேன். வரவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் வந்தார். உள்காட்டில் சர்வே, டவர் இல்லை, யாரும் தகவல் சொல்லவே இல்லை என்றார். அதற்குள் அம்மாவை எடுத்துவிட்டார்கள்.

அண்ணன், "நானே அவரோட பேசினேன் செல்வி," என்று சத்தியம் செய்தார். நான் கத்தினேன். "உனக்குப் போன் போட நேரமில்ல, அத மறைக்க என் புருஷனப் பொய்யனாக்கறியா?" அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகைகூட வரவில்லை.

ரெஜிஸ்டரை மூடிக் கொடுத்தேன். அவர் நீட்டிய பேனாவைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன். கணேசன், "தண்ணி குடிங்கம்மா," என்றார்.

ரா. வந்தார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. நடந்தேன்.

வழிகாட்டி பிஸ்வாஸ் முன்னால், நான் நடுவில், ரா. பின்னால். முதலில் கடலோரமாகச் சமதளம். பிறகு ஒரு திருப்பத்துக்கு முன்னால் ரா. சொன்னார்: "ஷூவ கழட்டிக்கோ, ஓடை வரும்."

திரும்பினால் ஓடை.

"நீங்கதான் வந்ததே இல்லையே," என்றேன்.

"யாரோ சொன்னாங்க." குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார், வெகுநேரம்.

ஏற்றம் தொடங்கியதும் முழங்கால் வலி என்று உட்கார்ந்துவிட்டார். நான் நிற்கவில்லை. பிஸ்வாஸ், "தீதி, தீரே தீரே," மெதுவாக மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கு மெதுவாகப் போக முடியவில்லை. சுவர் மாதிரி வேர் விட்ட படாக் மரங்கள். பெயர் தெரியாத பறவை ஒன்று கூடவே வந்தது. மேலே போகப்போக மரமெல்லாம் குள்ளம், பாசி போர்த்தி ஈரமாக. உச்சியில் வெறும் மேகம். ஒன்றும் தெரியவில்லை. கால்மணி கழித்து ஒரு நிமிடம் விலகியது: கீழே காடு, காடு தாண்டிக் கடல், கரையோரம் பச்சை, தள்ளிப் போனால் கறுநீலம். இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அன்றைக்கு அவரும் இங்கே நின்றிருப்பார். அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரி வாசலில் ஒவ்வொரு ஜீப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டோ எடுக்கவில்லை. காவ்யா கேட்பாள்.

பிப்ரவரி 12, வியாழன்

தொடை இரண்டும் கல். வெயில்.

காலை டீக்குப் பிறகு கடற்கரை. ஆமை முட்டையிட்ட இடங்களில் வேலி கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே ரா.விடம் கேட்டேன்.

"மார்ச் மூணு. எட்டு பத்துக்கு உள்ள போயிருக்கீங்க. நேத்து ரெஜிஸ்டர்ல பாத்தேன்."

கடலைப் பார்த்தார். பிறகு, "அரே, அது... ஒன்பது வருஷமாச்சு செல்வி."

"அண்ணன் போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

அவ்வளவு எளிதாக வந்தது அந்த வார்த்தை.

"பஸ் போயிருச்சு. ஜீப் புடிச்சாலும் கடைசி கான்வாய் கெடைக்காது. ரூம்ல ஒக்காந்து என்ன பண்றது? இவனுங்க சலோ சலோ, மலைக்குப் போலாம்னாங்க."

கான்வாய் கிடைத்திருக்காது, உண்மையாகவே இருக்கலாம். அதை நான் கேட்கவில்லை.

"எனக்கு ஏன் சொல்லல? வரமுடியாதுன்னு ஒரு வார்த்த. தீதிகிட்ட பிள்ளைய விட்டுட்டு அடுத்த ஃப்ளைட்ல போயிருப்பேனே."

"டவர் இல்ல."

"அண்ணன் பேசின லேண்ட்லைன் இருந்துச்சே."

சாய்ந்திருந்த வேலிக் குச்சி ஒன்றை நிமிர்த்தி ஊன்றினார்.

"மறுநாளாவது?"

"கால் வலி, எந்திரிக்க முடியல. வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ அப்படி அழுதுட்டு இருந்த. வாய்ல அதான் வந்துச்சு. அப்புறம் நீ உங்க அண்ணனோட சண்ட போட்டுட்ட. அதுக்கு மேல எப்படிச் சொல்றது? விடு, பாத் கதம்."

பேச்சு முடிந்ததாம். நான் அண்ணனோடு போட்ட சண்டை இவருக்கு வசதியாகப் போயிருக்கிறது. பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார் அன்றைக்கு. நான் போனை வைத்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மத்தியானம் சாப்பிட்டேன். மீன் நன்றாக இருந்தது. அழுகை வரவில்லை, ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

திரும்பும் பஸ். வேறு சீட் கேட்டு வாங்கினேன், ஒரு தெலுங்குக்காரப் பாட்டி பக்கத்தில். வழி முழுக்க என் தோளில் தூங்கினாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

துணி துவைத்தேன். பத்து மணிக்கு அண்ணன் நம்பர். மாறியிருக்கும் என்று நினைத்தேன், மாறவில்லை.

"யாரு?"

"நான்தாண்ணே. செல்வி."

பின்னால் குக்கர் விசில்.

"நீ சொன்னது நெசம்ண்ணே. அவர்ட்ட பேசியிருக்க நீ. அவரே ஒத்துக்கிட்டாரு. நான்தான் உன்னைய..."

அண்ணன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "ரெண்டாம் நாளு பொழுது சாயுற வரைக்கும் வச்சிருந்தேன் தாயி. எடுங்க எடுங்கன்னு ஊரே சொல்லுது. தங்கச்சி வந்துக்கிட்டு இருக்கா, மச்சான் கெளம்பிட்டேன்னாருன்னு நான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டே நிக்கிறேன்."

அவரும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நின்றிருக்கிறார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

"கோவமாண்ணே?"

"இல்லாம? ஒம்போது வருசம்." பிறகு, "எப்ப வர்ற?"

பிப்ரவரி 18, புதன்

நாளை காலை விமானம், சென்னை வழியாகப் பரமக்குடி. காவ்யாவை ஹாஸ்டலில் பார்த்துவிட்டுப் போகவேண்டும். அவளிடம் எவ்வளவு சொல்வது? இன்னும் முடிவு செய்யவில்லை. லீவு லெட்டரில் பதினைந்து நாள். மேற்கொண்டும் ஆகலாம்.

ரா. இரண்டு நாளாகச் சமைக்கிறார். பருப்பில் உப்பு இல்லை. நானே போட்டுக்கொண்டேன்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வாசற்படியில் வந்து நின்றார்.

"ஏர்போர்ட்ல விடவா?"

"ஆட்டோ சொல்லிட்டேன்."

போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்க வந்தது அது இல்லை.

"செல்வி, உங்க அண்ணன்கிட்ட... என்ன சொல்லப் போற?"

"ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டேன்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் இரண்டு புடவை பாக்கி இருந்தது. போட்டு முடித்தேன்.