மாதம் முன்னாலா, நாள் முன்னாலா

செவ்வாய், 12 மே. பின்னேரம் முழுக்க மழை.

"சிஸ்டர், இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். இனியாவின் அம்மா எழுதுகிறேன். மூடிகள் பற்றி ஒரு விடயம்."

இதற்கு மேல் வரவில்லை. போனில் தட்டினால் கை தவறி அனுப்பிவிடுவேன் என்ற பயத்தில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். மணி பதினொன்று ஐந்து.

நடந்தது இதுதான். பத்து மணி மாற்று முடிந்தது. ஒரு நாளைக்கு நான்கு தடவை, வயிற்றுக் குழாயால் பழைய நீரை வடித்துப் புது நீர் விடுவது, எட்டு மாதமாக. அவளுடைய சிறுநீரகங்கள் செய்ய வேண்டியதை நானும் ஒரு பையும் செய்கிறோம். ஒவ்வொரு தடவையும் கடைசியில் குழாயின் வாயில் ஒரு புது மூடி. மூடிக்குள் மருந்தில் நனைந்த துளிப் பஞ்சு. கிருமி உள்ளே போகாமல் இருப்பது அந்தப் பஞ்சால்தான்.

மூடியைப் பூட்டியாயிற்று. இனியா நித்திரை. மூடிப் பெட்டியை எடுத்து வைக்கும்போது ஓரத்தில் கண் பட்டது. மையில்லாமல் அழுத்திய எண். போன் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால்தான் தெரிகிறது.

06-05-26.

இன்று பன்னிரண்டு. ஆறாம் திகதியோடு முடிந்தது. கிளினிக் மூடிகள் தீர்ந்து இந்தப் பெட்டியைத் திறந்தது சனிக்கிழமை. நாலு நாள், பதினாறு மூடி.

பஞ்சு ஈரமாகத்தான் இருந்தது, மண்ணிறமாக. ஆனால் ஈரம் இருப்பதும் மருந்து வேலை செய்வதும் ஒன்றா?

கிளினிக்கில் குழாய்ப் பயிற்சி தந்த நாளில் சிஸ்டர் சொன்னது: "அம்மா, திகதியை வாசிச்ச பிறகுதான் பெட்டியைத் திறக்கோணும். விளங்குதோ?" நான்: "நான் பி.எஸ்சி. படிச்சனான் சிஸ்டர்." இப்போது நினைக்க முகம் சுடுகிறது.

தொற்று வந்தால் ஓகஸ்ட் தள்ளிப் போகும். ஓகஸ்டில் இனியாவின் அப்பா சுதனின் ஒரு சிறுநீரகம் அவளுக்கு. இரத்தம் பொருந்தி, இருவருக்கும் எல்லாச் சோதனையும் முடிந்து, ஒரு நாளும் குறித்தாயிற்று.

சுதனை எழுப்பிச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, "நீர் பால் பைக்கற்றையும் மூன்று தரம் வாசிக்கிற ஆள். இதை எப்பிடி விட்டீர்?"

அதுதான் எனக்கும் விளங்கவில்லை.

காலை ஆறு மணிக்கு என்ன மூடி போடுவது?


புதன், 13 மே. காலை வெயில், பதினொன்றுக்கு மழை.

ஐந்தரைக்கே சுதன் கொட்டாஞ்சேனைக்கு, ரீட்டா வீட்டுக்கு. ரீட்டாவின் மகனும் இதே கிளினிக், இதே குழாய். எட்டு மூடி கொடுத்துவிட்டிருக்கிறாள். இரண்டு நாளுக்கு. போனில்:

"இனியாம்மா, என்கிட்டயும் இருவதுதான் இருக்கு. எட்டு குடுத்துட்டேன். திருப்பிக் குடுக்கலேன்னா ஒங்க வீட்டு வாசல்ல வந்து மகனோட ஒக்காந்துக்குவேன்."

"வாங்கோ. சோறு தாறன்."

"ஒங்க சாம்பார் வேணாம். மூடி போதும்."

இன்று செய்ய வேண்டியவை:
– கிளினிக் ஸ்டோருக்கு போன்
– காலி வீதிப் பார்மசி, இரண்டும்
– பிரபா அக்கா
– இனியாவின் வகுப்பு மிஸ்ஸுக்கு லீவுக் கடிதம்
– பச்சை மிளகாய்

ஸ்டோர்: "மூடி இன்னும் வரேல்லை." எப்போது வரும் என்றேன். "வந்த பிறகு சொல்லுவம்." வந்த பிறகு நீங்கள் சொல்லித்தானா தெரிய வேண்டும் என்று கேட்க வாய்வரை வந்தது. நன்றி சொல்லி வைத்தேன்.

முதலாவது பார்மசி: "நே மிஸ். லபன மாசே." இல்லையாம், அடுத்த மாதமாம். இரண்டாவதில் கடைக்கார நானா மூடி இல்லை என்றார். முகக்கவசமாவது வாங்குவோம் என்று எடுத்தால் கா.தி. இருக்கும் இடத்தின் மேல் விலை ஸ்டிக்கர். (கா.தி. = காலாவதித் திகதி. இந்தக் கொப்பி முழுக்க இப்படித்தான். அவ்வளவு தடவை எழுத வேண்டியிருக்கிறது.) நகத்தால் உரிக்கப் பார்த்தேன்.

"மிஸ், அத உரிச்சா வெல தெரியாமப் போயிரும்."

"விலை தெரியும் நானா. திகதிதான் தெரியேல்லை."

"மாஸ்க்குக்கு என்ன மிஸ் திகதி, அது என்ன தயிரா?"

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அதற்காக வீடு வரை கோபம், என் மேல்தான்.

பச்சை மிளகாய் மறந்தாயிற்று.

பிரபா அக்கா, மூன்றாம் மாடி. மூடிப் பெட்டி இருந்த பெரிய பெட்டி அவ மூலம் வந்தது. அவவின் தம்பி ரொறன்ரோவில். தம்பியின் மாமனார் இதே சிகிச்சையில் இருந்தவர், தை மாதம் காலமானார். மிச்சச் சாமானைக் குப்பையில் போட மனம் வராமல் கப்பலில் அனுப்பினார்கள். போன மாதம் 22ஆம் திகதி வந்தது. செத்தவரின் மிச்சம் என்று இனியாவுக்குச் சொல்லவில்லை. "கனடா மாமா அனுப்பினவர்" என்று மட்டும். சிஸ்டருக்குப் படம் அனுப்பிக் கேட்டபோது, "எங்கட குழாய்க்குச் சரியான சாமான்தான் அம்மா. திகதி பார்த்துப் பாவியுங்கோ" என்றா.

அக்காவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். அவ தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே:

"பிள்ளை, அது வெளிநாட்டுச் சாமான். அங்க ஒரு வருசம் குறைச்சுத்தான் திகதி போடுறவங்கள். நாங்கள் கூட்டி வாசிக்கோணும்."

"அப்பிடி ஒரு கணக்கு இல்லை அக்கா."

"உனக்குத் தெரியுமோ? நான் கொண்டுவந்த கிறீம் ரெண்டு வருசம் பழசு. என்ர முகத்தைப் பார்."

முகம் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

வரும்போது சொன்னா: "தந்த பொருளில குறை பிடிச்சா இனி ஆர் தருவினம்?" படியில் இரண்டு தரம் நின்றேன். நன்றி கெட்டவளா நான்? இல்லை. ஆனால் பழைய சேலையை வாங்குவது போல இதை வாங்க முடியாதே.

சுதன் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கந்தோரில் வேலை. நாள் முழுக்கத் திகதி பார்க்கிறவர். வேலையால் வந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்ச பாரும். அமெரிக்காப் பக்கம் மாதத்தை முன்னால போடுவாங்கள். ஆறாவது மாதம், ஐந்தாம் திகதி. அப்பிடியெண்டா ஜூன் ஐந்து. இன்னும் நாள் கிடக்கு."

"இது கனடா."

"கனடாவும் அப்பிடித்தான் இருக்கும்."

"இருக்கும் எண்டதைப் பிள்ளையின்ர வயித்தில பூட்டலாமோ?"

போய்க் கை கழுவினார். பிறகு பிரபா அக்காவின் தம்பிக்குக் குரல் செய்தி போட்டார். பதில் உடனே வந்தது: "அத்தான், இஞ்ச ஒரு ஒழுங்கும் இல்லை. சிலது நாள் முன்னால, சிலது மாதம் முன்னால, சிலது வருசம் முன்னால. நாங்களே பால் வாங்கேக்க குழம்புறனாங்கள்."

ஒரு பெட்டி. இரண்டு வாசிப்பு. ஒன்றில் நான் குற்றவாளி, மற்றதில் இல்லை.


வியாழன், 14 மே. மூடிக்கொண்டிருக்கிற வானம்.

ஆறு மணிப் பை தெளிவு. பையின் பின்னால் பத்திரிகையைப் பிடித்து எழுத்து வாசிக்க முடிந்தால் நல்லது, கலங்கினால் உடனே ஆஸ்பத்திரி. இனியா இதை விளையாட்டாக்கிவிட்டாள். "அம்மா, 'மழை' தெரியுது. 'ழ' பெரிசாத் தெரியுது." ஒன்றாம் வகுப்புக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளை. எழுத்துக் கூட்டப் பழகியது இந்தப் பையின் ஊடாகத்தான்.

காய்ச்சல் இல்லை. வயிற்று நோ இல்லை. இரண்டு தோசை.

ஆனால் குழாய் தோலுக்குள் போகும் இடத்தைத் துப்புரவாக்கும்போது சுற்றிவர லேசான சிவப்பு. பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை போல. வேறு பிளாஸ்டர் மாற்றினேன். மூடிக்கும் இந்த இடத்துக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனில் ஒரு படம் எடுத்துவைத்தேன்.

கையுறை இன்றும் கிழிந்தது, பெருவிரலடியில். இந்தக் கிழமையில் மூன்றாவது. வேறு சோடி போட்டேன். நகத்தை ஒட்ட வெட்டினேன்.

சிஸ்டருக்கு எழுதவா? மூடியின் திகதி ஜூன் என்றால் வீண் கலவரம். மே என்றால் "இந்தத் தாயால் ஏலாது" என்று குறித்துவைப்பார்கள். கிளினிக் 22ஆம் திகதி. எட்டு நாள். இப்படி யோசிப்பது பிள்ளைக்காகவா எனக்காகவா என்று சுதன் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொள்கிறேன்.

ரீட்டாவின் கடைசி மூடி இரவு பத்துக்குப் போனது.


வெள்ளி, 15 மே. காலை.

ஐந்து மணிக்கு எழும்பிக் கனடாப் பெட்டியை அடிவரை கவிழ்த்தேன். அடியில் இதுவரை தொடாத, காயத்துக்குக் கட்டும் ஒரு காஸ் துணிப் பொதி. மூடியின் அதே கம்பனி, அதே எழுத்து, மையில்லாத அதே அழுத்தல்.

11-23-27.

இருபத்துமூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லை. நடுவில் இருப்பது நாள். முன்னால் இருப்பது மாதம்.

மூடி ஜூன் 5.

சுதனைத் தட்டி எழுப்பிக் காட்டினேன். "இதைத்தானே நான் புதன்கிழமை சொன்னனான்" என்றார்.

"நீங்கள் 'இருக்கும்' எண்டு சொன்னீங்கள். இது 'இருக்கு'."

"பி.எஸ்சி. எண்டா சும்மாவோ."

ஆறு மணி மாற்றுக்கு அந்தப் பெட்டியிலிருந்தே மூடி. ரீட்டாவுக்குச் சொன்னேன். "அப்ப என்னோட எட்டத் திருப்பிக் குடுங்க" என்றாள். இன்றே சுதனிடம் கொடுத்தனுப்பினேன். பிரபா அக்காவுக்கு ஒரு பாத்திரம் பால்சோறு. அவ: "நான் சொல்லேல்லையோ, வெளிநாட்டுச் சாமான் எண்டு?"

மூன்று நாளாக வராத பசி வந்தது. பச்சை மிளகாயும் வாங்கியாயிற்று.


அதே நாள், இரவு.

குழாயைச் சுற்றித் துப்புரவாக்க ஏழு மணிக்குக் கையுறை போட்டேன். கிழிந்தது. ஒட்ட வெட்டிய நகம். அதே பெருவிரலடி.

ரப்பரை இழுத்துப் பார்த்தேன். நீளவில்லை, பிளந்தது.

இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பெட்டி வந்த அன்று நானே எழுதிய பட்டியல்:

முகக்கவசம், 2 பெட்டி. கா.தி. 08-10-26. சரி.
கையுறை, கிருமி நீக்கியது, 50 சோடி. கா.தி. 04-09-26. செப்ரெம்பர் 4. சரி.
மூடி, 1 பெட்டி. பிறகு பார்க்க.

மூடிக்கு 'பிறகு' என்று எழுதி மறந்திருக்கிறேன். அதுவாவது மறதி. கையுறையை வாசித்தேன், நாளையும் மாதத்தையும் மாற்றி, பக்கத்தில் 'சரி' என்றும் போட்டிருக்கிறேன். பொதியை எடுத்துப் பார்த்தேன். அதே கம்பனி. அதே அழுத்தல்.

மாதம் முன்னால். நான்காவது மாதம், ஒன்பதாம் திகதி. ஏப்ரல் 9. பெட்டி என் வீட்டு வாசலுக்கு வரும்போதே முடிந்து பதின்மூன்று நாள். கப்பல் வெயிலில் எத்தனை நாள் கிடந்ததோ. காலையில் இதே கணக்கைப் போட்டுச் சந்தோசப்பட்டவள், இந்தப் பட்டியலை ஒரு தரம் திறந்து பார்க்கவில்லை.

சிவப்பு நேற்றையதைவிடக் கொஞ்சம் அகலம். "நோகுதா?" என்றேன். "தொட்டால் மட்டும்" என்றாள் இனியா. பிறகு, "அம்மா, நீங்கள் ஏன் திகதி பார்க்கேக்க மூச்சு விடுறேல்லை?"

சுதனுக்குக் கையுறைக் கதையைச் சொன்னேன். நேற்றைய படத்தையும் இப்போது எடுத்த படத்தையும் பார்த்தார். "ஒரு மாதம் பிந்தின கையுறை என்ன, நஞ்சோ?" என்று தொடங்கினார், பாதியில் நிறுத்தினார். "சிஸ்டருக்குப் போடும். இப்பவே போடும்."

"என்ன நினைப்பா?"

"நினைக்கட்டும்."

பத்து மணி மாற்றுக்குப் பிறகு வெப்பநிலை இன்னொரு தரம். பையின் ஊடாகப் பத்திரிகை இன்னொரு தரம். தெளிவு. இப்போது 10.50. கீழே உள்ளது போனில் ஏற்றி அனுப்பியது, எழுத்துக்கு எழுத்து:

சிஸ்டர், இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். இனியாவின் அம்மா. ஏப்ரல் 23 தொடக்கம் குழாயைச் சுற்றித் துப்புரவாக்க நான் போட்ட கையுறைகள் ஏப்ரல் 9ஆம் திகதியோடு காலாவதியானவை. திகதியைப் பார்த்தேன். பிழையாக வாசித்தேன். இந்தக் கிழமை நாலு சோடி போடும்போதே கிழிந்தன. நேற்றுக் காலை தொடக்கம் குழாயைச் சுற்றிச் சிவப்பு, இன்று கொஞ்சம் கூட. தொட்டால் நோகிறது என்கிறாள். சீழ் இல்லை. காய்ச்சல் இல்லை, 98.4. வடித்த நீர் தெளிவு. படம் இரண்டு அனுப்புகிறேன், ஒன்று நேற்று, ஒன்று இன்று. அந்தக் கையுறைகளை ஒதுக்கிவிட்டேன். 22ஆம் திகதி வரை இருக்க எனக்கு மனமில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கே வார்டுக்குக் கூட்டி வரவா, அல்லது இப்போதே வர வேண்டுமா? போன் கையில்தான் இருக்கிறது. தயவுசெய்து கெதியாகப் பதில் போடுங்கள்.