அண்ணன் கட்டிலுக்கு மேலே நீல விளக்கு

ஜூன் 4
இன்று பதினேழு நோயாளிகளை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பெரிய டாக்டரே என்னிடம் சந்தேகம் கேட்டார். (சாவி எங்கே என்றுதான். அதுவும் சந்தேகம்தானே.) படிப்பு எட்டாவது என்றாலும் கதிர் விஷயத்தில் இந்த ஆஸ்பத்திரியில் என்னை மிஞ்ச ஆளில்லை. ரேடியோ அலை, டிவி ரிமோட், கேன்டீனில் சாப்பாடு சூடாக்கும் பெட்டி, சூரிய வெளிச்சம், எக்ஸ்ரே – எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று சாது, ஒன்று முரடு. அவ்வளவுதான்.

ஜூன் 5
ஆபரேஷன் அறையில் பழைய கிருமி விளக்கைக் கழற்றிப் போட்டார்கள். புற ஊதாக் கதிர். வாங்கி வைத்துக்கொண்டேன். ஆள் இருக்கும்போது போடக்கூடாது என்று எலெக்ட்ரீஷியன் எனக்கே பாடம் எடுத்தான். அங்கே விளக்கைப் போட்டதும் எல்லோரும் வெளியே போவது டீ குடிக்க. இது தெரியாதா எனக்கு?

அண்ணன் பக்கவாதத்தில் விழுந்து ஐந்து மாதம். முதுகெல்லாம் படுக்கைப் புண். பேச்சில்லை, கை கால் அசைவில்லை. கண்தான் அவருக்கு வாய். ஒரு தடவை இமைத்தால் ஆமாம், இரண்டு தடவை இமைத்தால் இல்லை.

ஜூன் 6
விளக்கை அண்ணன் கட்டிலுக்கு மேலே மாட்டிவிட்டேன். மாலையில் ஒரு மணி நேரம், கதவைச் சாத்தி. கிருமி தப்பித்து ஓடி உங்கள் மேலே ஏறிக்கொள்ளும் என்று சொல்லி அண்ணியை வெளியே நிறுத்தினேன். அணைத்தபின் அறையில் ஒரு காரமான வாசனை. கிருமி கருகும் வாசனை. வெளிநாட்டு வைத்தியம் என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது.

ஜூன் 8
அண்ணன் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். தம்பியின் பாசத்தை நினைத்து உருகுகிறார். சுகமாக இருக்கிறதா என்று கேட்டேன். படபடவென்று இமைத்தார். எண்ணி மாளவில்லை. அத்தனை ஆமாம்.

ஜூன் 10
கண் சிவந்து வீங்கியிருக்கிறது, நெற்றியில் தோல் உரிகிறது. புதுத் தோல் வருகிறது என்று விளக்கினேன். அண்ணி கேட்கவில்லை. "தம்பி, அந்த விளக்கு வேணாம். அவரு ரெண்டு ரெண்டாத்தான் இமைக்கிறாரு." நாளைக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறேன் என்று சவால் விட்டேன்.

ஜூன் 11
உட்கார்ந்தேன், முழுசாக ஒரு மணி நேரம். ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னால் சும்மாவா?

ஜூன் 12
கண்ணத் திறக்க முடியல. மூடிக்கிட்டேதான் எழுதுறேன், வரி எங்க போகுதோ. கண்ணுக்குள்ள மணலக் கொட்டி அரைச்ச மாதிரி – எனக்கு ஒரு நாள். அவருக்கு ஆறு நாள். நான் புரண்டு படுத்தேன், கையால பொத்திக்கிட்டேன், கத்தினேன். அவரு மல்லாக்கப் படுத்தபடி. ரெண்டு ரெண்டா. ஐயோ அண்ணே.

ஜூன் 14
கண்ணில் ஏதாவது பட்டதா என்று அண்ணனைப் பார்த்த கண் டாக்டர் கேட்டார். எதிர்வீட்டில் வெல்டிங் வேலை நடந்தது, ஜன்னல் திறந்திருந்தது, நெருப்புப் பொறி இத்தனை பெரிசு என்று சரளமாக வந்தது எனக்கு. அண்ணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினேன்.

"எதிர்வீட்ல யாருமே இல்ல சார். நான்தான் விளக்குப் போட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. எத்தனை நாள், எவ்வளவு உயரம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 20
அண்ணனுக்கு இமை முழுசாக மூடாதாம். எனக்கு ஆறியது அவருக்கு ஆறவில்லை. புண்ணாகிச் சீழ் வைத்துவிட்டது.

ஜூன் 29
வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நிழல் மட்டும் தெரியும் என்கிறார்கள்.

ஜூலை 9
அண்ணன் கண்ணில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்கள். நான் அறைக்கு வெளியே நின்றேன். தாகமா என்று அண்ணி கேட்டார். ஒரு இமைப்பு. வலிக்கிறதா? ஒன்று.

"தம்பி வந்திருக்காரு. உள்ள வரச் சொல்லவா?"

நான் நின்ற இடத்திலிருந்தே இமை நன்றாகத் தெரிந்தது. இந்தத் தடவை சரியாக எண்ணினேன்.

சொட்டு மருந்தை அண்ணி கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். இன்று பதினொரு பேர்.