நெல் மில்லில் பதிந்த புலம்பல்

திண்டிவனம் சாலையில் பஸ் நின்றபோது நெல் அவிக்கும் வாசனை வந்தது. மற்றவர்களுக்குப் பசி எடுத்திருக்கும். எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய். நீ செத்துப்போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. பயம் மட்டும் போகவில்லை.

செஞ்சியில் உன் அப்பாவின் நெல் மில்லில்தான் என் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தோம். அறுபதுகளின் கடைசி. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த நீ, மெட்ராஸ் கல்லூரியிலிருந்து மின்சார கிட்டாரோடும் மூன்று நண்பர்களோடும் திரும்பி வந்தாய். கோயிலில் பாடிக்கொண்டிருந்தவளை ராக் பாட்டுக்கு இழுத்தவன் நீ. நீங்கள் நால்வரும் எதையும் முன்கூட்டி முடிவு செய்ய மாட்டீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் வாசிப்பீர்கள். எங்கே முடியும் என்று உங்களுக்கே தெரியாது. மெட்ராஸ் ஸ்டுடியோவில் அதனால்தான் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

மாசி அமாவாசைக்கு மில் ஆட்கள் எல்லாரும் மேல்மலையனூர் திருவிழாவுக்குப் போய்விடுவார்கள். மில் ஓடாத நாள் அது ஒன்றுதான். இரவல் கேட்டிருந்த டேப் ரிக்கார்டரும் அன்றைக்குத்தான் கிடைத்தது. உனக்கு அது போதும். எனக்கோ அது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். அந்த நாட்களில் நாங்கள் கோயிலில் ஆர்மோனியத்தைக்கூடத் தொடுவதில்லை. அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. என்னைப் பெற்ற நைனா பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். ஈஸ்டர் வரை துக்கப் புலம்பலைத் தவிர வேறு எதையும் பாடமாட்டேன், நைனாவைக் கொடுத்துவிடு என்று தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று மாதாவிடம் நேர்ந்துகொண்டிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கேலி செய்வாய் என்று நினைத்தேன்.

டேப் சுற்ற ஆரம்பித்தது. நீ வாசித்தாய். என் வாய் திறக்கவில்லை. மூன்று முறை அப்படியே ஆனது. கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தாய்.

“இன்னா ஆச்சு உனக்கு?”

“நேர்ச்சை இருக்குது. பாடுனா நைனா செத்துடுவாரு.”

நீ சிரிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

“புலம்பல் பாடலாமில்ல? அதப் பாடு.”

“அதுக்கு கிட்டாரு, டிரம்முலாம் வாசிக்கக் கூடாது. பாவம்.”

“வாசிக்கிறது நாங்கதான? பாவம் எங்க மேல. நீ பாடு.”

பாடினேன். மகனைப் பறிகொடுத்த மாதாவின் அழுகை அது. பயத்தில் குரல் உடைந்த இடங்களில் நீ முடிக்காமல் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்து, எனக்கு மூச்சு வரும்வரை காத்திருந்தாய். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அது ஒன்றுதான். கேட்டவர்கள் என்ன துணிச்சல் என்றார்கள். துணிச்சலாவது, மண்ணாவது.

ஈஸ்டருக்கு நைனா நடந்தே கோயிலுக்கு வந்தார். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் பூசை முடிந்ததும் உன் வீட்டுக்கு ஓடினேன், பாவத்தை ஏற்றுக்கொண்ட உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று. அதற்குப் பிறகு நீ தும்மினாலே போதும், உன் வாசலில் வந்து நிற்பேன். “நா இன்னும் சாவல, போயி வேலயப் பாரு” என்பாய். மில்லை மூடியபோதும், விரல் மரத்துப்போய் நீ கிட்டாரைத் தொட முடியாமல் ஆனபோதும், என் பாவத்தை நீ அனுபவிக்கிறாய் என்று உள்ளுக்குள் நடுங்கினேன். மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்தவள் இதை மட்டும் பங்குச் சாமியாரிடம் சொன்னதில்லை. சொன்னால் மாதா நைனாவைத் திருப்பி எடுத்துக்கொள்வாளோ என்ற பயம். நைனா வயதாகி இறந்த பிறகும் சொல்லவில்லை. அது கோழைத்தனம், வேறு பெயர் கிடையாது.

நீ தூக்கத்திலேயே போனாய். கொடுத்துவைத்தவன் என்றார்கள். போன இடத்தில் உன்னை நிறுத்தி வைத்து விசாரித்தால் என்ன செய்வாய் என்றுதான் எனக்கு ஓடியது.

நேற்று மண்டியிட்டுச் சொல்லிவிட்டேன். சாமியார் சின்ன வயதுக்காரர். “இது பாவமே இல்லம்மா” என்றார். அவருக்குச் சொல்வது சுலபம்.

“பாவம்னா அது என் மேலதான் சாமி, அவன் மேல இல்ல” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இனி எனக்காக மட்டும்தான்.